பல் நலப் பரிசோதனைக்கான கைபேசிச் செயலிகள்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

வாய் நோய்கள் பெரும்பாலும் வலியின்றியே தொடங்குகின்றன. பற்சொத்தை, பல்லின் மேலடுக்கான எனாமலில் மட்டும் இருக்கும் வரை வலிப்பதில்லை. ஈறு நோய், பல் ஆடும் நிலை வரைகூட வலியின்றி முற்றக்கூடும். வாய்ப் புற்றுநோயின் முதல் அடையாளம் வலியற்ற புண்ணாகவோ, வெண்ணிறத் திட்டாகவோ இருக்கலாம். ஆகவே, வலி வந்த பிறகே பல் மருத்துவரைக் காணும் வழக்கம், எளிதில் குணப்படுத்தக்கூடிய காலத்தை வீணாக்கிவிடுகிறது.

உலகில் ஏறத்தாழ 350 கோடி மக்கள் வாய் நோய்களால் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. வாய் நலப் பணிகளில் கைபேசியைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டி ஒன்றை அந்நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து 2021ஆம் ஆண்டில் வெளியிட்டன. இத்தகைய செயலிகளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எந்த அளவிற்கு நம்புவது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

செயலியால் இயல்வதும் இயலாததும்

நல்லதொரு செயலி, பல் துலக்குவதையும் அடுத்த பரிசோதனை நாளையும் நினைவூட்டும். சில வினாக்களைக் கேட்டு, மருத்துவரை எவ்வளவு விரைவில் காண வேண்டும் எனக் கூறும். வாயின் ஒளிப்படங்களை மருத்துவருக்கு அனுப்ப உதவும்.

ஆயினும், இரு பற்களுக்கு இடையே உருவாகும் சொத்தை ஒளிப்படத்தில் தெரியாமல் போகலாம். அதனைக் கண்டறிய எக்ஸ்ரே தேவைப்படும். ஈறு பல்லை விட்டு எவ்வளவு விலகியுள்ளது என்பதை மருத்துவர் கருவியால் அளந்தே அறிய முடியும். ஒரு திட்டு புற்றுநோயா என்பதைத் திசுப் பரிசோதனையே உறுதி செய்யும். எனவே, செயலியில் பச்சை நிறக் குறி தோன்றினால், நீங்கள் அளித்த தகவல்களில் பாதிப்பு தென்படவில்லை என்பதே அதன் பொருள். நோய் இல்லை என்பதன்று.

நல்ல செயலியின் அடையாளங்கள்

• வலி உள்ளதா என்று மட்டும் கேட்பதோடு நில்லாது, ஆறாத புண், நிறத் திட்டு, ஈறில் இரத்தக் கசிவு, வாய் திறப்பதில் சிரமம் ஆகியவற்றையும் கேட்கும்.
• புகையிலை, பாக்குப் பழக்கம், நீரிழிவு, கர்ப்பம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைக் கருத்திற் கொள்ளும்.
• எளிய தமிழில், பெரிய எழுத்துகளில், ஒரு திரைக்கு ஒரு வினாவாகக் கேட்கும். வாசிக்க இயலாதோருக்குக் குரல் வழியாகவும் கேட்கும். “தெரியவில்லை” என்ற விடைக்கும் இடமளிக்கும்.
• முடிவினை நிறத்தால் மட்டும் காட்டாமல், அடுத்துச் செய்ய வேண்டியதைச் சொற்களாலும் கூறும்.
• ஒரே கைபேசியில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் தனிப்பதிவு வைக்க இடமளிக்கும்.
• இணைய இணைப்பு விட்டுவிட்டுக் கிடைத்தாலும், பதிவு செய்தவற்றை இழக்காது.
• ஐயம் இருப்பின் மருத்துவரிடம் அனுப்பும். தானாக நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்துகளைப் பரிந்துரைக்காது.

ஒளிப்படம் எடுக்கும் முறை

கைகளைக் கழுவி, வாயைக் கொப்பளித்து, கழற்றக்கூடிய பல்செட் இருப்பின் அதனை அகற்றுங்கள். பகல் வெளிச்சத்தில் சன்னல் அருகே அமர்ந்து, பின்புறக் கேமராவில் வேறொருவர் படமெடுப்பது நல்லது. சுத்தமான கரண்டியின் காம்பினால் கன்னத்தை மெல்ல விலக்கலாம்.

பற்களைக் கடித்த நிலையில் முன்புறம், வலம், இடம் என மூன்று படங்களும், வாய் திறந்த நிலையில் மேல்வரிசை, கீழ்வரிசை என இரண்டு படங்களும் தேவை. நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடிப்பகுதி, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றையும் படமெடுங்கள். பற்களை மட்டும் படமெடுத்தால், புண்களும் திட்டுகளும் தோன்றும் இவ்விடங்கள் விடுபட்டுவிடும். மங்கலான படத்தை அனுப்பாமல் மீண்டும் எடுங்கள்.

செயலியைத் திறக்காமல் உடனே செல்ல வேண்டிய நிலைகள்

• தாடைக்குக் கீழோ கழுத்திலோ வீக்கத்துடன் மூச்சு விடுவதில் அல்லது விழுங்குவதில் சிரமம்: இது உயிருக்கு ஆபத்தானது. உடனே 108ஐ அழையுங்கள்.
• முகவீக்கத்துடன் காய்ச்சல், அல்லது நிற்காத இரத்தப்போக்கு.
• அடிபட்டு நிலைப்பல் முழுதாக விழுந்துவிடுதல்: வேரைத் தொடாமல், பல்லின் வெண்பகுதியைப் பிடித்து எடுங்கள். அதனைப் பாலில் இட்டு, இயன்றவரை அரை மணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பால்பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது. ஆனால் குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பு குறைதல் ஆகியவை இருந்தால், வலி இல்லாவிடினும், செயலி எந்த முடிவைக் காட்டினாலும், மருத்துவரை நேரில் காணுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

குழந்தைகள்: முதல் பிறந்தநாளுக்குள் முதல் பல் பரிசோதனை செய்வது நல்லது. ஏறத்தாழ ஆறு வயதில், பால்பற்களுக்குப் பின்னால் முதல் நிலையான கடைவாய்ப் பல் முளைக்கிறது. விழுந்து முளைக்கும் பல் எனக் கருதி இதனைப் பலர் கவனியாது விடுகின்றனர். அவ்வயதில் பரிசோதனைக்கான நினைவூட்டலைச் செயலியில் தவறாது பதியுங்கள்.

முதியோர்: பல்செட்டை இரவில் கழற்றி, சுத்தம் செய்து, நீரில் இடுங்கள். படுக்கையில் உள்ளவரின் வாயை நாளுக்கு ஒருமுறையேனும் வெளிச்சத்தில் பாருங்கள். வலியை எடுத்துரைக்க இயலாதவர் உணவை மறுப்பதும், ஒரே பக்கமாக மெல்லுவதும் பல் வலியின் அடையாளமாக இருக்கலாம்.

நீரிழிவு உள்ளோர்: ஈறு நோயும் இரத்தச் சர்க்கரையும் ஒன்றையொன்று பாதிப்பவை. சர்க்கரை அளவையும் மருந்துப் பட்டியலையும் செயலியில் பதிந்து மருத்துவரிடம் காட்டுங்கள். பல் பிடுங்க வேண்டும் என்பதற்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைத் தாமாக நிறுத்தக் கூடாது.

தகவல் பாதுகாப்பு

வாயின் ஒளிப்படமும் மருத்துவத் தகவலே. யாருக்குச் செல்கிறது, எவ்வளவு காலம் சேமிக்கப்படும், நீங்கள் விரும்பினால் நீக்க இயலுமா என்பவற்றைச் செயலி தெளிவாகக் கூற வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் அளிப்பது போன்றே அதனைத் திரும்பப் பெறுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. பல் பரிசோதனைக்குத் தொடர்பற்ற தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள் ஆகியவற்றைப் பார்வையிட அனுமதி கோரும் செயலியைத் தவிர்த்துவிடுங்கள். ஓடிபி எண்ணை எவரிடமும் பகிராதீர்கள்.

நினைவிற் கொள்க

நாளுக்கு இருமுறை, ஃபுளோரைடு உள்ள பற்பசையால் இரண்டு நிமிடங்கள் துலக்குங்கள். பொதுவாக ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, அல்லது மருத்துவர் கூறும் இடைவெளியில், நேரில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்களை உரிய காலத்தில் பல் மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பதே செயலியின் பணி. அதனைக் காரணம் காட்டி நேரடிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.