விடியுமுன்னே ஏறும் ஜீப்பு

போடியில் பிறந்தவனுக்கு அலாரம் தேவையில்லை. வெள்ளன நாலரை, அஞ்சு மணிக்கே தெருமுனையில் ஜீப்பு உறுமும். டிரைவர் ரெண்டு தரம் ஹாரன் அடிப்பார். தூக்குவாளியும் கையுமாக, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் ஓடுவார்கள். முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டில் கேரளாவுக்குள் நுழைந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இறங்குவார்கள். சாயங்காலம் அதே வழியில் திரும்பல். இப்படித்தான் எங்க ஊர் பல வருஷமாகப் பொழுது விடிகிறது.

2015 அக்டோபரில் ஒரு நாள், பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்தார். "தம்பி, மலைக்குப் போகட்டா, இல்ல கீழேயே கெடக்கட்டா? நீ படிச்ச புள்ள, கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். அதுவரை அவர் ஊரில் நூறு நாள் வேலை, அது இல்லாத நாளில் கமிஷன் கடைகளில் ஏலக்காய் பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலை என்று ஓட்டிக்கொண்டிருந்தார். மக பிளஸ் டூ. அடுத்த வருஷம் நர்ஸிங் சேர்க்கணும்.

அவர் கேட்டதற்கும் காரணம் இருந்தது. அந்த செப்டம்பரில்தான் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள், எந்தச் சங்கத் தலைவரையும் கிட்டே சேர்க்காமல், ரோட்டில் உட்கார்ந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். 'பெண்பிள்ளை ஒருமை' என்று பெயர் வந்ததே, அதே போராட்டம். அதன் பிறகு அக்டோபரில் கேரளத் தோட்டக் கூலி உயர்ந்தது. தேயிலைக்கு 232-லிருந்து 301. ஏலத்துக்கு 267-லிருந்து 330. அப்போது தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அந்த வருஷத்துக் கூலி 183 ரூபாய்.

சரி, கணக்குக்கு வருவோம். கீழே 183, மேலே 330. வித்தியாசம் 147. கீழே வேலைக்குப் போய்வர எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம் என்று வையுங்கள். மணிக்கு சுமார் 23 ரூபாய். மேலே போனால் காலை அஞ்சரைக்கு ஏறி சாயங்காலம் அஞ்சரைக்கு இறங்கினால் பன்னிரண்டு மணி நேரம். மணிக்கு 27 ரூபாய் 50 காசு. 'கூலி கிட்டத்தட்ட ரெட்டிப்பு' என்று ஊரே சொன்னது, மணிக்கணக்கில் பார்த்தால் நாலரை ரூபாய்க்குச் சுருங்கிவிட்டது!

ஆனால் அதையே இன்னொரு மாதிரியும் பார்க்கலாம். கூடுதலாகப் போகிற நாலு மணி நேரத்துக்கு 147 ரூபாய். மணிக்கு சுமார் 37. கீழே எந்த வேலையும் அவருக்கு அதைத் தராது. ஆக, ஒரே கணக்கு ரெண்டு பதில் சொன்னது. நான் முழித்தேன். அக்கா சிரித்தார்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இந்தக் கேள்வி அக்காவோடு பிறந்ததில்லை. இந்த மலையடிவாரத்துக்கே வயசான கேள்வி இது. கொஞ்சம் சரித்திரம் பார்ப்போமா?

போடி, எழுபத்திரண்டு பாளையங்களில் ஒன்று. மேலே இருக்கிற ஏலமலை திருவிதாங்கூர் ராஜாவுடையது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஏலக்காய் அரசாங்கத்தின் ஏகபோகம். விளைகிற காயை அரசாங்கத்திடம்தான் கொடுக்க வேண்டும். சட்டம் அப்படி; மலைக்குத்தான் ஆயிரம் ஒற்றையடிப் பாதை ஆச்சே, ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே இறங்கிய காயும் உண்டு. ஏலம் போட்ட குடியானவர்களில் பலர் மதுரைச் சீமைக்காரர்கள். வீடு வாசல், மாடு கன்று எல்லாம் கம்பம் பள்ளத்தாக்கில். மலையில் குளிர்காய்ச்சல் ஆளைத் தின்னும் என்பதால் அங்கே குடியிருக்கப் பயம். பருவத்துக்கு ஏறுவார்கள், காய் எடுத்து உலர்த்திவிட்டு இறங்குவார்கள். தினமும் போய்வர முடியாது, நிரந்தரமாகத் தங்கவும் முடியாது. அந்தக் காலத்து விடை: சில மாசம் மேலே, சில மாசம் கீழே.

அடுத்து வந்தது தேயிலை. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும். கங்காணிகள் தமிழ் நாட்டுக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கூட்டிப்போய் லயத்தில் குடிவைத்தார்கள். அந்த விடை வேறு: வீட்டையே வேலை இருக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவது. போக்குவரத்துச் செலவு பூஜ்யம். ஆனால் வேலை போனால் வீடும் போச்சு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆளுக்கு ஒழுங்கான பாதை வருவதற்கு முன்னாலேயே தேயிலைப் பெட்டிக்கு வாகனம் வந்துவிட்டது! குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-ல் ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908-ல் குறுகிய ரயில். அது டாப் ஸ்டேஷன் வரை பெட்டிகளைக் கொண்டுவரும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடி. இன்றைக்கு டாப் ஸ்டேஷனில் நின்று போட்டோ எடுக்கிறவர்கள் பலருக்கு அந்த 'ஸ்டேஷன்' எங்கிருந்து வந்தது என்று தெரியாது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் 1928-ல் வந்தது. உலகப் போரில் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், 1950-களில் திரும்பப் போட்டார்கள், 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்தினார்கள், 2023 ஜூனில் மறுபடி ஓடியது. எங்க ஊரில் ரயிலும் கூலி மாதிரிதான், வரும் போகும் :-)

1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது, தமிழர்கள் ஏராளமாக இருந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளாவோடு போயின. கன்னியாகுமரிப் பக்கமும் செங்கோட்டையும் கிடைத்தன, இது கிடைக்கவில்லை. அதனால்தான் அக்கா ஏறுகிற மலை வெளி மாநிலம். கூலியை நிர்ணயிப்பது திருவனந்தபுரம், அரிசி போடுவது தமிழ்நாட்டு ரேஷன் கடை.

ரோடு நன்றாகி, ஜீப்பு பெருகின பிறகுதான் மூன்றாவது விடை சாத்தியமானது. வேலை மேலே, வீடு கீழே, ரெண்டுக்கும் நடுவில் தினமும் சக்கரம். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வாசல். போடியில் இருந்து போடிமெட்டு இருபத்தைந்து கிலோமீட்டர் சுமார்தான். ஆனால் அதற்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறியாகணும். தேவாரம் பக்கத்து ஆட்கள் சாக்குலூத்துமெட்டுக்கு ரோடு கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள். மலை கண்ணெதிரே நிற்கும், ஜீப்பு ஊரைச் சுற்றிப் போகும்.

செசாரே மார்க்கெட்டி என்கிற இத்தாலியர் 1994-ல் ஒன்று எழுதினார். நடந்த காலமானாலும் கார் காலமானாலும், மனிதன் சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறான். வேகம் கூடினால் தூரம் கூடும், நேரம் கூடாது என்றார். அவர் எங்க ஊர் ஜீப்பைப் பார்த்ததில்லை. புருனோ ஃபிரை, அலோயிஸ் ஸ்டட்சர் என்ற ரெண்டு பொருளாதாரக்காரர்கள் ஜெர்மனி விவரங்களை வைத்து 2004-ல் சொன்னது இன்னும் சுவாரசியம். தூரமாகப் போய் வேலை பார்க்கிறவன் அதற்கு ஈடாகக் கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ பெற்று, சமமான திருப்தியோடு இருக்கவேண்டும் அல்லவா? இல்லையாம். பயணம் கூடக்கூட திருப்தி குறைகிறது. மனிதர்கள் பயணத்தின் வலியைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் போல.

இதை அக்காவிடம் என் பாஷையில் சொன்னேன். "வலிய யாரு கொறச்சு மதிச்சா? தெரிஞ்சுதானப்பா ஏறுறோம்" என்றார்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஏலச்சரம் தரையோடு படர்ந்து கிடக்கும், நாள் முழுக்கக் குத்தவைத்துத்தான் காய் எடுக்கணும் என்று தெரியும். மழை, அட்டை, மருந்து வாடை எல்லாம் தெரியும். அளவுக்கு மேல் ஆள் ஏற்றின ஜீப்பு வளைவில் உருண்ட கதைகளும் தெரியும். அவர் என்னிடம் கேட்டது வலியைப் பற்றி இல்லை.

"மேலயே தங்கிட்டா என்னக்கா? ஜீப்பு அலைச்சல் மிச்சம்" என்றேன்.

"அப்ப மகள யாரு பாக்குறது? இந்த வீட்ட யாரு தொறக்குறது? ஓட்டு, ரேஷன், கோயில், நல்லது கெட்டது எல்லாம் இங்கனதான இருக்கு."

அங்கேதான் என் கணக்கின் ஓட்டை தெரிந்தது. நான் நாலு மணி நேரத்தை வேலையின் செலவாக எழுதியிருந்தேன். அவருக்கு அது வீட்டின் விலை. தினமும் நாலு மணி நேரம் கொடுத்து அவர் போடியில் குடியிருக்கும் உரிமையை வாங்குகிறார். லயத்துக்குப் போன தலைமுறை வாங்க முடியாத சரக்கு அது.

அதற்காக ஜீப்புதான் சிறந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறில் எல்லை வாரக்கணக்கில் அடைபட்டது. மேலே மாட்டின தமிழ்த் தொழிலாளர்கள் பலர் கால்நடையாகவே மலையிறங்கி வந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. மெட்டில் கம்பு விழுந்தது, கூலி நின்றது. வீடு ஒரு மாநிலம் வேலை ஒரு மாநிலம் என்றால், நடுவில் இருக்கிற கேட்டு யார் கையிலோ இருக்கிறது. லயத்துக்காரர்களுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் அதே 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு எழுபது பேரை மூடியது. எதற்கு எது ஈடு என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

அக்கா கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? காய் எடுக்கிற ஆடி முதல் தை வரை மலை. மற்ற மாசங்களில் ஊர் வேலை. ஒரு செடியிலேயே காய் ஒரே தடவையில் பழுக்காது, திரும்பத் திரும்ப எடுக்கணும் என்பதால் அந்தப் பருவத்தில் ஆள் தேவை விழாது. நல்லா யோசித்தால் இது நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய குடியானவர்களின் பழைய விடைதான், ஜீப்பு மட்டும் புதுசு! மக நர்ஸிங் முடித்துவிட்டாள். அதற்கு நாலு பருவம் ஆனது. அக்காவுக்கு முழங்கால் தேய்ந்ததும் அந்த நாலு பருவத்தில்தான். ஐந்தாவது பருவத்தில் அவராகவே நிறுத்திக்கொண்டார்.

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய்க்குப் போனபோது அக்காவிடம் சொன்னேன். "நான் எடுத்த காயில்ல அது" என்று சொல்லிவிட்டு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஏலத்தோட்டங்களில் வட மாநிலத்து ஆட்கள் குடும்பத்தோடு வந்து தங்குகிறார்கள். பழைய லய விடை வேற பாஷையில் திரும்பி வந்திருக்கிறது. ஜீப்பும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மகளுக்கு இப்போது மதுரையில் வேலை. தினமும் போய்வரலாமா, ரூம் எடுத்துத் தங்கலாமா என்று போன மாசம் என்னிடம் கேட்டாள். கணக்குப் போட நான் பேனாவை எடுக்கவில்லை. "ஒங்கம்மாகிட்ட கேளு" என்றேன்.