பழைய வீரா திணறுகிறதா? சென்சாரை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

1993-இல் அறிமுகமான புரோட்டோன் வீரா, இன்றும் பல குடும்பங்களை வேலைக்கும் பள்ளிக்கும் கொண்டு செல்கிறது. இன்ஜெக்‌ஷன் வகை வீரா சமிக்ஞை விளக்கில் அணைந்தாலோ எண்ணெய் அதிகம் குடித்தாலோ, த்ரோட்டல் சென்சாரும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எண்ணெய் மிதியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை இந்த சென்சார் காரின் கணினிக்கு வோல்ட் அளவில் தெரிவிக்கிறது. மிதியைத் தொடாதபோது பொதுவாக 0.5 வோல்ட்டை ஒட்டியும், முழுமையாக அழுத்தினால் 4.5 வோல்ட்டை ஒட்டியும் இருக்கும். துல்லிய அளவு அந்தந்த என்ஜின் கையேட்டில் உண்டு.

முதலில் த்ரோட்டலில் படிந்த கரியைத் துடைக்க வேண்டும். பிறகு என்ஜினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பி, மல்டிமீட்டரை சென்சாரின் சிக்னல் வயரிலும் எர்த்திலும் வைத்து, மிதியை மெல்ல அழுத்த வேண்டும். அளவு சீராக ஏறாமல் இடையில் விழுந்தால் சென்சார் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

சீராக ஏறி, தொடக்க அளவு மட்டும் தவறினால் புதியது தேவையில்லை. பழைய இடத்தைக் கோடிட்டு வைத்து, இரு ஸ்குரூக்களையும் தளர்த்தி, சென்சாரைச் சற்றே திருப்பி, சரியான அளவு வந்ததும் இறுக்கினால் போதும்.

ஆக்சிஜன் சென்சாருக்கும் வெப்ப சென்சாருக்கும் இந்த வசதி இல்லை. பழுதென்று சோதனையில் உறுதியானால் மாற்றுவதே வழி.