தண்டோரா போட்டவர் வீட்டுக்கு வராத சேதி



 நினைவுப் பேருரை என்பதால் பெரிய தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் சின்னத் தலைப்போடு வந்திருக்கிறேன்: பள்ளிக்கூடத்து நோட்டீஸ். பள்ளியில் என்ன விதி, என்ன சலுகை, எந்தத் தேதிக்குள் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும் என்ற சேதி ஒரு சேரிக் குடும்பத்துக்கு எப்படி வந்தது, எப்படி வராமல் போனது என்பதுதான் இன்றைய பேச்சு.

சில மாதங்களுக்கு முன் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பள்ளியின் பெயர் வேண்டாம், இது பல பள்ளிகளின் கதை. கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா கம்பெனி யூனிஃபார்மோடு ஓடி வந்தார். காண்ட்ராக்ட் வேலை. ஷிஃப்ட் முடிந்து வண்டியை விட்டு இறங்கி நேராக வந்திருக்கிறார். “என்ன பேசினாங்க?” என்று கேட்டார். “எல்லாம் வாட்ஸப் குரூப்பில் போட்டிருக்கோம்மா” என்று பதில் வந்தது. அந்தப் போன் அவர் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. தீர்மான நோட்டில் இடம் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கையெழுத்துக்கு நூற்று முப்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். அதற்கு முன் இது செங்கல்பட்டு மாவட்டம். 1891இல் அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். உழுகிறவனுக்கு நிலம் இல்லை. குடிசை நிற்கும் மனையும் அவனுடையது இல்லை. மிராசுதாரரைப் பகைத்தால் குடிசையும் போய்விடும். அதே காலத்தில் திருவள்ளூரில் இருந்து வேலை செய்த வெஸ்லியன் மிஷன் பாதிரியார் வில்லியம் கவுடியும் நிலமில்லாமல் விடுதலை இல்லை என்று எழுதினார். 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. 1893 பிப்ரவரியில் பஞ்சமர் கல்விக்கான அரசாணை எண் 68 வந்தது. பெரிய சேரிகளில் பள்ளி, ஆசிரியர் பயிற்சிக்கு உதவித்தொகை, பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம் என்று அது பேசியது.

காகிதத்தில் நல்ல ஆணைதான். ஆனால் ஆணை கோட்டையிலிருந்து தாலுகாவுக்கு வரும், தாலுகாவிலிருந்து கிராம முன்சீப்பிடம் வரும். முன்சீப் யார்? ஊரார். கணக்குப்பிள்ளை யார்? ஊரார். சேரிக்கு நிலம் உண்டு, பள்ளி உண்டு என்ற சேதியைச் சேரிக்குச் சொல்ல வேண்டியவர், அந்தச் சேதியால் தன் கூலியாளை இழக்கப் போகிறவர். சொல்வாரா?

கிராமத்தில் சேதி சொல்லும் வேலையைச் செய்தவர் நம் பாட்டன். வரி கட்டும் நாள், ஏலம், ஊர்க்கூட்டம் எல்லாவற்றையும் பறை தட்டித் தெருத்தெருவாகச் சொன்னவர் அவர். நான் சந்தித்துக் கேட்ட முதியவர்களில் ஒருவர்கூட, “சேரிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம்” என்று தண்டோரா போடச் சொன்னதாக நினைவுகூரவில்லை. ஊருக்கெல்லாம் சேதி கொண்டுபோனவர் வீட்டுக்குச் சேதி வரவில்லை. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில். நமக்கு எட்ட வேண்டிய சேதியின் கதை அதோடு முடிந்துவிடவில்லை.

அரசு சொல்லாத சேதியை நம் ஆட்களே சொன்னார்கள். செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியது, கல்வி அரசாணை வந்த அதே 1893இல். அயோத்திதாசப் பண்டிதரின் முயற்சியால் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கியது 1894இல். பரங்கிமலையில் பிறந்து ஆசிரியராக வேலை பார்த்த எம்.சி.ராஜா சட்டமன்றம் போனார். பத்திரிகை, பள்ளி, சட்டமன்றம் மூன்றும் நம் முன்னோர் தாங்களே அடித்த தண்டோரா என்றுதான் நான் பார்க்கிறேன்.

பள்ளி இருந்தாலும் பள்ளி எங்கே இருந்தது என்பது அடுத்த கேள்வி. அக்கிரகாரத்தில், கோயில் மண்டபத்தில், ஊர்ச் சாவடியில். அங்கே நம் பிள்ளை எப்படிப் போவான்? அப்படிப்பட்ட இடங்களில் நடக்கும் பொதுப்பள்ளிகளை எல்லோரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்றும்படி 1919இல் சென்னை அரசாங்கம் ஆணையிட்டது. விதி எழுதப்பட்டது, பள்ளி பல ஊர்களில் நகரவில்லை. அடுத்த ஆண்டுகளில் லேபர் கமிஷனர் பொறுப்பில் சேரிகளுக்கென்று லேபர் பள்ளிகள் திறக்கப்பட்டன. பின்னாளில் அவை அரிசன நலப் பள்ளிகளாகி, இப்போது ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக நிற்கின்றன. ஊர்ப் பள்ளியின் கதவு திறக்காததால் வந்த பள்ளி அது. அந்த வரலாறு தெரியாமல் அந்தப் பெயர்ப் பலகையைப் பற்றி யாரும் பேசக்கூடாது.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை எல்லோரும் அறிவோம். கிராமத் தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில். குலக்கல்வி என்று எதிர்ப்பு எழுந்து, 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். இதில் ஒன்றைக் கவனியுங்கள். பள்ளி நேரத்தை மாற்றுவது வெறும் நிர்வாகக் காரியமாகத்தான் கோப்பில் இருந்தது. அந்த மூன்று மணி நேரத்துக்குள் யாருடைய பிள்ளை மாடு மேய்க்கப் போவான், யாருடைய பிள்ளை கணக்குப் போடுவான் என்ற தீர்ப்பு இருந்தது. பள்ளியின் கால அட்டவணையும் சாதிக் கேள்விதான்.

இப்போது கும்மிடிப்பூண்டிக்கு வருகிறேன். சிப்காட் வந்தபின் இந்த வட்டாரத்தில் குடும்பத்தின் நேரமே மாறிவிட்டது. தேர்வாய்க் கண்டிகையில் சிப்காட் அமைக்க ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்ச்சல் நிலமும் காடும் எடுக்கப்பட்டபோது, அங்குள்ள தலித் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். ஆடு மாடு வைத்திருந்தவர்கள் காண்ட்ராக்ட் கூலிகளானார்கள். வயல் வேலையில் ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் சமாளிக்கலாம். கம்பெனி கேட்டில் முடியாது, ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய இடம் வேண்டும் என்கிறது. 2022இல் தமிழக அரசு 20 பேர் கொண்ட குழுக்களாக இவற்றைத் திருத்தி அமைத்தது. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல். அந்த நேரத்தில் வரக்கூடிய பெற்றோர் யார்? வீட்டில் இருக்க முடிகிறவர், சொந்தத் தொழில் உள்ளவர். இடஒதுக்கீடு பட்டியலில் இருக்கிறது. ஷிஃப்ட் அதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

“போகாவிட்டால் என்ன குறைந்துவிடும்?” என்று மாணவர்கள் கேட்கலாம். ஆறாம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்தது, 2021இல் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டம், கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. ஒதுக்கீட்டின் அடிப்படை விதி, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது; புதுமைப் பெண் திட்டமும் அதே விதியோடுதான் தொடங்கியது. ஐந்தாவது முடித்த மகளை, கடன் வாங்கி இரண்டு வருடம் தனியார் பள்ளியில் போட்டுவிட்டு, பணம் கட்ட முடியாமல் எட்டாவதில் திரும்பக் கொண்டுவரும் குடும்பங்களை நான் பார்க்கிறேன். அந்த இரண்டு வருடம் எதை இழக்கச் செய்தது என்று அவர்களுக்குச் சொன்னவர் யாரும் இல்லை.

எட்டாம் வகுப்பிலும் ஒரு கண்ணி உண்டு. 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு இலவசம் எட்டாவதோடு முடிகிறது. ஒன்பதாவதில் முழுக் கட்டணம் கேட்பார்கள். அப்படிச் சட்டப்படி சேர்ந்த பிள்ளை ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு வந்துவிட்டால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் உண்டு. இந்த ஒரு வரி தெரியாத தகப்பன் பள்ளிக்கும் வட்டிக்காரனுக்கும் நடுவில் நிற்கிறான்.

டி.சி. தாமதமானாலும் சேர்க்கை மறுக்கக் கூடாது. பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. அடிக்கக் கூடாது, மனதளவில் துன்புறுத்தவும் கூடாது. இவை எல்லாம் சட்டம். சூளைக்குப் போய்த் திரும்பும் இருளர் குடும்பத்துக்கு இது தெரியுமா? ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளுக்கு ஒவ்வொரு பருவமும் வரும் தொழிலாளர்களுக்குத் தெரியுமா? அவர்கள் பிள்ளைகளுக்கு ஒடியா பாடப்புத்தகம் வரவழைத்துச் சூளைப் பகுதிகளில் வகுப்பு நடத்திய அனுபவம் இந்த மாவட்டத்துக்கு உண்டு. பிள்ளைக்கு அவன் மொழியில் புத்தகம் கொடுக்க முடிந்தால், தாய்க்கு அவள் மொழியில் நோட்டீஸும் கொடுக்கலாம். எல்லையோரத்துத் தெலுங்கு பேசும் அருந்ததியர் குடும்பங்களுக்கும் இதுவே பொருந்தும்.

சேதி வராதது ஒரு வகை. அவமானத்தோடு வருவது இன்னொரு வகை. நான் ஏழாவது படித்தபோது உதவித்தொகைப் படிவம் வந்த அன்று வகுப்பில் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “எஸ்சி பசங்கெல்லாம் எந்திரிங்க.” எழுந்து நின்றோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் அண்ணாந்து பார்த்தான். அடுத்த நாள் அவன் வேறு பெஞ்சில் இருந்தான். பள்ளி எனக்கு நேராகக் கொடுத்த முதல் அறிவிப்பு அதுதான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, ஆசிரியர் சாதியைச் சுட்டி அழைக்கக் கூடாது, உதவித்தொகைச் சேதியை மாணவனைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. படித்தபோது என் ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்தது. இவ்வளவு சின்ன விஷயத்தை எழுத இத்தனை ஆண்டும், ஒரு பிள்ளையின் ரத்தமும் தேவைப்பட்டிருக்கிறது.

பள்ளி யாருடையது என்ற கேள்விக்கு இந்த வட்டாரமே ஒரு சாட்சி சொல்லியிருக்கிறது. கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலைவராக மக்கள் தேர்ந்தெடுத்த அமிர்தம் அம்மாவை, 2020 ஆகஸ்ட் 15 அன்று பள்ளியில் கொடியேற்ற அழைத்துவிட்டு, பிறகு வரவேண்டாம் என்று தடுத்தார்கள். சேதி வெளியே வந்தபின், ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். அழைப்பும் ஒரு நோட்டீஸ்தான். அழைப்பை அனுப்புகிறவர் யார், திரும்பப் பெறச் செய்கிறவர் யார் என்பதில் ஊரின் அதிகாரம் தெரிந்துவிடுகிறது. ஐந்தே நாளில் நிலைமை மாறியதற்குக் காரணம், அந்த அம்மா வாய் திறந்து சொன்னது.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கும் அறிவிப்பு 2023 பட்ஜெட்டில் வந்தது. மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள். நம் தோழர்களிடையே இதில் இரண்டு கருத்து உண்டு. பலகையில் இருக்கும் சாதி அடையாளம் போகட்டும் என்பவர்களின் வலி எனக்குப் புரிகிறது. நிலமும் விடுதியும் நமக்கென்று ஒதுக்கிய பணமும் கரைந்துபோகும் என்பவர்களின் அச்சமும் நியாயமானது. என் கேள்வி அதற்கும் முந்தையது. அந்தப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோரை உட்காரவைத்து யார் கேட்டார்கள்? 1893இல் கேட்கவில்லை, 1953இல் கேட்கவில்லை. இப்போதாவது கேட்க வேண்டாமா?

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். தொழிற்பேட்டைப் பகுதிப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் ஞாயிற்றுக்கிழமையோ மாலை ஆறு மணிக்கு மேலோ நடக்க வேண்டும் என்று ஒவ்வொரு மேலாண்மைக் குழுவிலும் தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானத்தை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக் கூடாது என்று கேளுங்கள். மாணவத் தோழர்கள் மே, ஜூன் மாதங்களில் காலனியிலும் இருளர் குடியிருப்பிலும் சூளையிலும் வீடு வீடாகப் போய், ஐந்தாவது முடித்த பிள்ளை யார், எட்டாவது முடித்த பிள்ளை யார் என்று கேட்டு, இந்த விதிகளை வாயால் சொல்லுங்கள். துண்டறிக்கை கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். குழுவில் நமக்குரிய இடம் காலியாக இருந்தால், நம் அம்மாக்களைப் போட்டியிடச் சொல்லுங்கள்.

அந்த அக்கா அடுத்த முறையும் ஓடித்தான் வருவார். அப்போதாவது, தான் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மன்றம் அதைச் செய்தால் போதும், இந்த நினைவு நாளுக்கு அர்த்தம் இருக்கும்.

ஜெய்பீம்.