வுல்வெண்டால் மேடும் கொட்டாஞ்சேனைக் குவிமாடமும்

கொழும்பின் பழமையைத் தேடிச் செல்வோர் பெரும்பாலும் கோட்டைப் பகுதியின் அலுவலகக் கட்டிடங்களோடு அமைந்துவிடுகின்றனர். துறைமுகத்துக்குக் கிழக்கே, புறக்கோட்டைக் கடைத்தெருக்களுக்கு அப்பால், கொட்டாஞ்சேனை வரை பரந்து கிடக்கும் நெருக்கமான குடியிருப்புப் பகுதியில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே செல்லக்கூடிய தூரத்தில் மூன்று தேவாலயங்கள் நிற்கின்றன. அந்நியர் விட்டுச்சென்ற எச்சங்கள் என இவற்றை ஒதுக்குவோர் உளர். அழகிய கட்டிடங்கள் என வியந்து அவ்வளவில் அமைவோரும் உளர். இரண்டும் குறைநோக்கே. எச்சமயத்தார் எக்காலத்தில் வெளிப்படையாகக் கட்ட அனுமதிக்கப்பட்டனர், எவர் ஒளிந்து வழிபட நேர்ந்தது என்னும் செய்தி இவற்றின் சுவரிலும் கூரையிலும் எழுதப்பட்டிருக்கின்றது.

1656இல் போர்த்துக்கீசரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், சீர்திருத்தச் சபையையே தம் ஆட்சிக்குரிய சபையாகக் கொண்டனர். கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என 1658இல் கட்டளை பிறந்தது. அதன் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே, கோட்டைக்கு வெளியே, துறைமுகத்தை நோக்கிய மேடொன்றில் வுல்வெண்டால் தேவாலயத்தின் திருப்பணி தொடங்கிற்று. 1749இல் தொடங்கிய வேலை எட்டு ஆண்டுகள் நீடித்து, 1757 மார்ச்சில் ஆலயம் வழிபாட்டுக்குத் திறந்துவைக்கப்பட்டது. வுல்வெண்டால் என்பது 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' எனப் பொருள்படும் ஒல்லாந்தச் சொல். இலங்கையில் ஓநாய் ஏது? முன்னர் அவ்விடத்தில் போர்த்துக்கீசர் எழுப்பியிருந்த குவாடலூப்பே அன்னையின் ஆலயப் பெயர் மக்கள் வாயில் திரிந்து, அத்திரிபை ஒல்லாந்தர் பொருள்கொண்டு மொழிபெயர்த்ததனால் வந்த பெயர் இது என்பர். அவ்வாறாயின், இடித்தகற்றப்பட்ட சமயத்தின் பெயரையே வென்றவரின் ஆலயம் தன்னையறியாது தாங்கி நிற்கின்றது.

இக்கட்டிடம் சம அளவான நான்கு கரங்களையுடைய கிரேக்கச் சிலுவை வடிவினது. கத்தோலிக்க ஆலயங்களில் நீண்ட நடுக்கூடமொன்று வழிபடுவோரின் பார்வையைப் பீடத்தை நோக்கி இழுத்துச்செல்லும். சீர்திருத்தச் சபையாருக்கோ பிரசங்கமே வழிபாட்டின் உயிர்நாடி. நான்கு கரங்களும் நடுவே கூடும் அமைப்பில், எக்கரத்தில் அமர்ந்தவரும் போதகரைக் காணவும் கேட்கவும் இயலும். சித்திரமும் சிற்பமும் இங்கு அருகியே காணப்படுகின்றன. அளவும் விகிதமும் ஒளியுமே அழகைத் தரவேண்டியிருந்தது; தந்தும் உள்ளன.

வரைபடம் ஐரோப்பாவுடையது, உடல் இம்மண்ணுடையது. ஏறத்தாழ ஐந்து அடி தடிப்பான சுவர்கள், இலங்கையில் கபுக்கல் என வழங்கும் செம்புறைக்கல்லால் ஆனவை. நிலத்திலிருந்து வெட்டும்போது மிருதுவாயிருந்து, காற்றுப்பட்டபின் இறுகும் இயல்பினது அக்கல். மழைநீர் ஊறாதபடி அதன்மேல் சுண்ணச்சாந்து பூசப்பட்டது. கனத்த சுவர் பகல் வெப்பத்தை உள்ளே விடாது தடுக்கின்றது. உயர்ந்த கூரை சூடான காற்றை மேலெழச் செய்கின்றது. நண்பகலிற் புறக்கோட்டைத் தெருவிலிருந்து உள்ளே நுழைவோர் அத்தண்மையை முதலில் உணர்வர். கட்டிடத்தைப் பார்ப்பது அதன் பின்னரே நிகழும். கூரையின் உச்சியில் ஒருகாலத்தில் முடி தரித்த சிங்கமொன்று வாளும் அம்புகளும் ஏந்தி நின்றது. ஒல்லாந்தின் ஏழு மாகாணங்களையும் குறித்த அச்சின்னம் 1856இல் இடி வீழ்ந்து அழிந்தது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒல்லாந்தர் ஆட்சி முடிந்திருந்தது.

ஆலயத்தை அழைத்த மணியோ ஆலயத்தில் இல்லை. புறக்கோட்டைக் கேமன் வாயிலின் மணிக்கூண்டில் தொங்கியது. கோட்டேயிலிருந்த போர்த்துக்கீசர் தேவாலயமொன்றின் இடிபாட்டிலிருந்து அது எடுத்துவரப்பட்டது என்பது மரபு. கத்தோலிக்கருக்காக வார்க்கப்பட்ட மணி சீர்திருத்தச் சபையாரை வழிபாட்டுக்கு அழைத்ததெனில், அதைக் கேட்டு ஒளிந்திருந்த கத்தோலிக்கர் என்ன நினைத்திருப்பர்?

தளத்தில் பதித்த கல்லறைக் கற்கள் தனியே ஆராயத்தக்கன. கோட்டையிலிருந்த பழைய ஒல்லாந்தத் தேவாலயம் கைவிடப்பட்டபோது, அங்கு அடக்கம் செய்யப்பட்டிருந்த தேசாதிபதிகள் முதலானோரின் எச்சங்கள் 1813இல் தீவர்த்தி ஊர்வலமாக இங்கு கொண்டுவரப்பட்டன. குலச்சின்னங்களும் எழுத்துக்களும் ஆழச் செதுக்கிய அக்கற்களைக் கண்டு இவ்வாலயம் ஒல்லாந்தருக்கே உரியதெனத் துணிவது தவறாகும். கொழும்பிற் பிறந்த தமிழரான பிலிப்பு த மெல்லோ 1750இல், அதாவது இச்சுவர்கள் எழுந்துகொண்டிருந்த காலத்தில், அச்சபையின் குருவாக நியமனம் பெற்றார். அவர் உழைப்பில் உருவான தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல், ஆலயம் திறந்து ஈராண்டுக்குள், கொழும்பிலேயே அச்சேறிற்று. தமிழ் உரைநடை வரலாற்றை ஆராய்வோர் இம்மேட்டையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தின் கதை இதற்கு நேர்மாறானது. வணிகர் வேடத்தில் மறைந்து திரிந்த குரு ஒருவர், கடல் கரையை அரித்தபோது மீனவர் வேண்டுகோட்படி சிலுவை நாட்டிச் செபித்தார் என்றும், கடல் பின்வாங்கவே அவ்விடத்தில் மண்ணாலான சிற்றாலயம் எழுந்தது என்றும் மரபு கூறும். 1806இல் ஆங்கிலத் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினார். அதன் பின்னரே மண்சுவர் கற்சுவராயிற்று. 1834இல் பெரிய ஆலயம் அமைந்தது. கட்டிடக்கலை நுட்பத்தில் இது வுல்வெண்டாலுக்கு ஈடாகாது. ஆயினும் செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களும் பௌத்தர்களும் இதன் வாயிலில் நிரம்பி நிற்பதைக் காண்போர், ஓர் ஆலயத்தின் பெருமை அதன் கல்லில் மட்டும் இல்லை என்பதை ஒப்புவர்.

கத்தோலிக்கர் தம்மை முழுமையாக வெளிக்காட்டியது கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்திலேயாகும். முன்னர் ஓலைக்கூரைச் சிற்றாலயம் இருந்த இடத்தில், இத்தாலியரான ஆயர் சில்லானியின் காலத்தில், 1870களிலே தொடங்கிய பணி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் நிறைவெய்தியது. உரோமைப் புனித பேதுரு பேராலயத்தை நினைவூட்டும் குவிமாடமும் தூண்கள் நிரைத்த முகப்பும் இதற்குரியன. வுல்வெண்டாலில் விலக்கப்பட்ட சுரூபங்களும் அலங்காரங்களும் இங்கே தாராளமாக இடம்பெற்றன. சற்று மிகை எனவும் தோன்றலாம். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகள் வாய் மூடியிருந்தவர் உரத்துப் பேசுவது வியப்பன்று. வீட்டுக்கூரைகளுக்கு மேலே எழும் அக்குவிமாடத்தின் இருப்பிடத்தையும் உயரத்தையும் வுல்வெண்டால் மேட்டோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும்.

2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைத் திருத்தலம் குண்டுத் தாக்குதலுக்கு இலக்காகிப் பலர் உயிரிழந்தனர். கூரையோடுகள் சிதறின. கடற்படையினர் திருத்தவேலைகளை மேற்கொள்ள, அந்தோனியார் திருநாளுக்கு முதல்நாளான யூன் 12ஆம் திகதி ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. அன்று வழிபாட்டுக்கு வந்து மாண்டவர்களின் பெயர்கள் பொறித்த நினைவுக்கல் இப்போது அங்கே இருக்கின்றது. அதில் தேசாதிபதிகள் எவருமில்லை.