வில்லுக்குப் பின்னால இருந்த ஒழுங்கு

வேடர் எண்டதும் எங்களுக்கு நினைவு வாறது தோளில கோடரியும் கையில வில்லுமாக நிற்கிற ஒரு படம்தான். தம்பானைக்குச் சுற்றுலா போறவர்கள் எடுத்துக்கொண்டு வாறதும் அதே படம். அந்த வில்லுக்குப் பின்னால ஓர் ஒழுங்கு இருந்ததை நாங்கள் பேசுவது குறைவு.

சார்ள்ஸ், பிரெண்டா செலிக்மன் தம்பதியினர் வேடர் பற்றிய தங்கள் ஆய்வை 1911இல் நூலாக வெளியிட்டார்கள். அதில் கந்தே யக்கா முக்கியமானவர். யக்கா எண்டதும் பேய் எண்டு நினைக்க வேண்டாம். வேடருக்கு அது இறந்த முன்னோரின் ஆவி. கந்தே யக்கா உயிரோடு இருந்தபோது பெயர்பெற்ற வேட்டைக்காரர். வேட்டை வாய்க்க வேண்டும் எண்டு அவரைத்தான் கேட்பார்கள். ‘கிரி கொரஹா’ சடங்கில் தேங்காய்ப்பால் படைத்து, மரையின் அடிச்சுவட்டைத் தேடிப்போய் அம்பு விடுவதை ஆடிக் காட்டுவார்கள். இறைச்சி தன் கெட்டித்தனத்தால் மட்டும் கிடைப்பதில்லை என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

காட்டுக்கும் முறை இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி வேட்டை நிலம். அடிபட்ட மிருகம் மற்றவரின் நிலத்துக்குள் ஓடி விழுந்தால், அந்த நிலத்துக்காரருக்கும் ஒரு பங்கு போகும். மிருகத்துக்குக் காட்டிய மரியாதை வெறும் வழிபாடு இல்லை, பங்கீடும்தான்.

இதே தீவில் வேறொரு வேட்டையும் நடந்தது. பிரித்தானிய இராணுவ அதிகாரி மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனச் சொல்லப்படுகிறது. தின்பதற்காக இல்லை, விளையாட்டுக்காக. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது.

பிறகு காட்டைக் காப்பாற்றச் சட்டங்கள் வந்தன. அது தேவைதான். ஆனா விலை கொடுத்தது யார்? 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது வேடரின் வேட்டை நிலங்கள் அதற்குள் அடங்கின. குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, தலைவர் ஊரு வரிகே திசாஹாமி காட்டை விட்டுப் போக மறுத்தார். அவருடைய மகன் வன்னியலத்தோ 1996இல் ஜெனீவாவில் ஐ.நா. பழங்குடிகள் செயற்குழு வரை போய்த் தங்கள் உரிமையைக் கேட்டார். பூங்கா எல்லைக்குள் வில்லோடு போனவர் ஒரே நாளில் ‘களவு வேட்டைக்காரர்’ ஆகிவிட்டார்.

வேடரைக் குற்றமே செய்யாத காட்டுக் காவலராக்கிப் புனிதப்படுத்தவும் தேவையில்லை. அவர்கள் கைக்கும் துவக்கு வந்தது. எங்கட கேள்வி வேறு: ஒரு சமூகம் தன்னைத்தானே கட்டுப்படுத்த வைத்திருந்த முறைகளை, அந்தச் சமூகத்தைக் காட்டிலிருந்து பிரித்த பிறகு யார் காப்பாற்றுவது?

இது தூரத்துக் கதையும் இல்லை. வாகரை, வெருகல், மூதூர்ப் பக்கம் தமிழ் பேசும் கரையோர வேடர் இருக்கிறார்கள். அவர்களின் பெரியவர்களிடம் காட்டைப் பற்றியும் வேட்டையைப் பற்றியும் கேட்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. போய்க் கேட்டு எழுதி வைக்க வேண்டியது நாங்கள்தான்.