தட்டின் வேகமும் பாடகியின் குரலும்: பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்பது குறித்து ஒரு குறிப்பு

சில வாரங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவான இந்துஸ்தானி இசைத்தட்டு ஒன்றின் எண்ணிமப் படியை ஒலிக்கச் செய்தேன். ஒரு மாணவி கேட்டார்: "அக்காலப் பெண்கள் இவ்வளவு மெல்லிய, குழந்தைத்தனமான குரலிலா பாடினார்கள்?" பயிற்சி மரபு, ஒலிவாங்கி இல்லாத காலத்தின் தேவை என்று ஏதேதோ விடை சொன்னேன். அந்தத் தட்டு என்ன வேகத்தில் சுழன்றது என்பதையே நான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது வீடு திரும்பிய பிறகே உறைத்தது. இக்குறிப்பு அம்மாணவிக்கு நான் தந்திருக்க வேண்டிய விடை.

1902 நவம்பரில் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். பாடகி ஒரு கூம்புக் குழலுக்குள் பாட, அந்த அதிர்வை ஊசி மெழுகுத் தட்டில் கீறியது. தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் அச்சாகி இந்தியாவுக்குத் திரும்பின. நிமிடத்துக்கு 78 சுற்று என்பது அப்போது நியமமாகியிருக்கவில்லை. 1920களின் பிற்பகுதியில்தான் அது நிலைபெற்றது. அதற்கு முந்தைய தட்டுகள் 70 சுற்றுக்கு அருகிலும் பதிவாயின, 80ஐக் கடந்தும் பதிவாயின. நாமோ அவை அனைத்தையும் '78' என்றே அழைக்கிறோம், பெரும்பாலும் அவ்வேகத்திலேயே ஓட்டுகிறோம்.

70 சுற்றில் பதிவான தட்டை 78இல் ஓட்டினால் எல்லா அதிர்வெண்களும் ஏறத்தாழ 11 விழுக்காடு உயரும். ஐந்தரைக் கட்டையில் பாடியவர் கிட்டத்தட்ட ஆறரைக் கட்டையில் பாடியவராகக் கேட்பார். லயமும் அதே அளவுக்கு விரையும். ஆயினும் சிக்கல் சுருதியோடும் லயத்தோடும் முடிந்துவிடுவதில்லை.

குரல் இரண்டு இடங்களில் உருவாகிறது. குரல்நாண்களின் அதிர்வு சுருதியைத் தருகிறது. தொண்டையும் வாயும் சேர்ந்த குரல்பாதை, தன் நீளத்துக்கும் வடிவுக்கும் ஏற்பச் சில அதிர்வெண்களை ஓங்கச் செய்கிறது. அந்த ஓங்கல்களே ஃபார்மன்ட்கள். ஒரே சுருதியில் 'ஆ'வும் 'ஈ'யும் வேறாகக் கேட்பது இவற்றால்தான். ஒருவரின் குரல் இன்னாருடையது என நாம் அறிவதிலும் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. பாடகி ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறும்போது சுருதி ஒன்றரை மடங்காகிறது, அதற்காக அவர் தொண்டை சுருங்கிவிடுவதில்லை. தட்டு விரைந்து சுழலும்போதோ சுருதியும் ஃபார்மன்ட்களும் சேர்ந்தே உயர்கின்றன. 14 செ.மீ. நீளக் குரல்பாதை 12.5 செ.மீ. ஆனதுபோல் ஒலிக்கிறது. மாணவி கேட்ட 'குழந்தைத்தனம்' இதிலிருந்து பிறந்திருக்கலாம்.

இந்த விளைவைப் பிற்காலத்தில் சிலர் வேண்டுமென்றே பயன்படுத்தினர். 1958இல் அமெரிக்காவின் ராஸ் பக்தசாரியன், நாடாவின் வேகத்தை மாற்றித் தம் குரலையே அணிற்பிள்ளைகளின் குரலாக்கி விற்றார். அதற்கு முன்பே பெல் ஆய்வகத்தின் ஹோமர் டட்லி, குரலின் மூலத்தையும் அதை வடிகட்டும் பாதையையும் பிரித்துக் கையாளும் வோகோடரை உருவாக்கியிருந்தார். 1980களில் பிரான்சில் உருவான பிசோலா முறை, ஃபார்மன்ட்களைப் பெரிதும் கலைக்காமல் சுருதியை மட்டும் நகர்த்த வழிசெய்தது. 1997இல் ஆட்டோ-டியூன் வந்தது. இன்று 'ஃபார்மன்ட் காப்பு' என்பது எந்த ஒலி மென்பொருளிலும் ஒரு பொத்தான்.

ஆவணக்காப்பில் இப்பொத்தானே பொறியாகிறது. பழைய பதிவின் சுருதி மிகுந்திருப்பதை உணரும் ஆய்வாளர், ஃபார்மன்ட் காப்போடு அதை இறக்குகிறார் எனக் கொள்வோம். சுருதி சரியாகிவிடும். சுருங்கிய தொண்டை அப்படியே நிற்கும், லயமும் விரைந்தபடியே இருக்கும். பாடகியின் குரலும் அல்லாத, தட்டின் குரலும் அல்லாத, எக்காலத்திலும் இல்லாத ஒரு குரல் ஆவணமாகிவிடும். இன்றைய பாடகருக்கு நன்மை செய்யும் கருவி இங்கே சான்றைச் சிதைக்கிறது. இங்குச் செய்ய வேண்டியது, பதிவு முழுவதையும் மெதுவாக்குவது. அப்போது மூன்று நிமிடப் பதிவு மூன்று நிமிடம் இருபது நொடியாக நீளும். சுருதி, ஃபார்மன்ட், லயம் மூன்றும் ஒருங்கே இறங்கும்.

உரிய வேகத்தை அறிவது எப்படி? பாடகர் தமக்கு உகந்த சுருதியைத் தாமே தேர்ந்துகொள்ளும் மரபில், சுருதியை மட்டும் கொண்டு முடிவுகட்ட இயலாது. உச்சத்தில் பாடும் குரலில் ஃபார்மன்ட்களை அளப்பதும் கடினம். அடிப்படை அதிர்வெண் 450 ஹெர்ட்ஸ் என்றால் அடுத்தவை 900, 1350 என இடைவெளி விட்டே அமையும், ஃபார்மன்ட் எங்கே ஓங்குகிறது என்பது அந்த இடைவெளிகளில் மறைந்துவிடும். இங்கேதான் பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவிக்கும் அந்தச் சில நொடிகள் முக்கியமாகின்றன. தொலைவிலுள்ள தொழிற்சாலை தட்டை அடையாளம் காண்பதற்காகவே அவ்வறிவிப்பு என்பர். பேச்சின் சுருதி தாழ்ந்தது. ஆகவே அதன் உயிரொலிகளில் ஃபார்மன்ட்கள் தெளிவாகப் புலப்பட வாய்ப்புண்டு.

எச்சரிக்கைகளும் உள. கூம்பு 2500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றை அரிதாகவே பிடித்தது. அதற்கெனத் தனி ஒத்ததிர்வுகளும் இருந்தன. உரக்கக் கூவும்போது முதல் ஃபார்மன்ட் உயரும். குரல்பாதையின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறும். எனவே ஃபார்மன்ட் அளவீடு நிகழக்கூடிய வேகங்களின் எல்லையைக் குறுக்கும், ஒரே வேகத்தைச் சுட்டிவிடாது. ஆர்மோனியம் ஒலிக்கும் தட்டுகளோடும், அதே அமர்வின் பிற பதிவுகளோடும் ஒப்பிட்டே முடிவுக்கு வர வேண்டும்.

இது வெறும் தொழில்நுட்ப நுணுக்கம் அன்று. கௌஹர் ஜானும் அவர்போன்ற தவாயிஃப் பாடகியரும் தம் வாழ்நாளிலேயே போதுமான அளவு தீர்ப்புகளைச் சுமந்தவர்கள். 'கீச்சுக்குரல்' என்று நாமும் ஒன்றைச் சேர்க்குமுன், அது அவர்களுடையதா, நம் சுழல்தட்டினுடையதா என்று பார்த்துக்கொள்வது நம் கடமை.

எண்ணிமமாக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். திருத்தம் செய்யாத மூலப்படியைக் கட்டாயம் காத்துவையுங்கள். ஓட்டிய வேகத்தைக் குறித்துவையுங்கள். சுருதியை மாற்றினால் ஃபார்மன்ட்களை என்ன செய்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதிவையுங்கள். அவ்வொரு வரி இல்லையெனில், பின்னால் வருபவர் கேட்பது யாருடைய குரல் என்று அவருக்கு ஒருபோதும் தெரியாது.