காம்பேக்ட்: கணிதத்தில் ஒரு சொல் பொருள் மாறிய கதை

காம்பேக்ட் என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் யாரும் அகராதி புரட்டுவதில்லை. விளம்பரத்தில் காம்பேக்டான வீடு, கைப்பையில் காம்பேக்ட் பவுடர், கொஞ்ச காலம் முன்புவரை கடைகளில் காம்பேக்ட் டிஸ்க். சிறியது, அடக்கமானது, இடத்தை அடைக்காதது என்று பொருள். இந்தப் பொருளோடு கணித முதுகலை வகுப்பில் போய் உட்காருபவர் முதல் வாரமே இடறுவார். 0-க்கும் 1-க்கும் நடுவிலுள்ள எண்களை, இரண்டு முனைகளையும் விட்டுவிட்டு எடுத்தால் அது காம்பேக்ட் அல்ல. முனைகளைச் சேர்த்துக்கொண்டால் காம்பேக்ட். அந்த மூடிய இடைவெளியை எண்ணில் அடங்காத தடவை பெருக்கிக் கிடைக்கும் பூதாகரமான வெளியும் காம்பேக்ட்தான். அளவுக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கணிதத்துக்குள் இதைக் கொண்டுவந்தவர் மோரிஸ் ஃப்ரெஷே என்ற பிரெஞ்சுக்காரர், ஆண்டு 1904. லத்தீன் மூலத்தில் 'சேர்த்து இறுக்கியது' என்று பொருள். பிரெஞ்சில் அன்றாடம் புழங்கும் சொல். ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார்? தொண்ணூற்று நான்கு வயது வரை வாழ்ந்த ஃப்ரெஷே, காரணம் தனக்கு அடியோடு மறந்துவிட்டது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கெட்டியான கரு ஒன்றிலிருந்து ஒற்றை நூல் மட்டும் முடிவிலியை நோக்கி ஓடினால், அதையும் காம்பேக்ட் என்று அழைக்க நேரக்கூடாது என்று எண்ணியிருக்கலாம் என்பது அவரது ஊகம். பெற்றவரே பெயர்க் காரணத்தை ஊகிக்க வேண்டிய நிலை.

பொருள் மட்டும் சொல்லுக்கு முந்தியது. மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான ஒரு சார்பு தன் பெருமத்தையும் சிறுமத்தையும் எங்காவது ஒரு புள்ளியில் அடைந்தே தீரும் என்பது பெர்லினில் கார்ல் வயர்ஸ்ட்ராஸ் தன் வகுப்புகளில் சொல்லிக்கொடுத்த தேற்றம். இடைவெளிக்குள் முடிவிலாத புள்ளிகளை இட்டால் அவை ஏதோ ஓரிடத்தில் குவிந்தாக வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. போல்சானோ 1817-இல் கையாண்ட வாதமுறையிலேயே அதன் வித்து இருக்கிறது. புள்ளிகள் இருந்த இடத்தில் சார்புகளை வைத்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. எல்லாச் சார்புகளிலும் 'செலவு' குறைந்த சார்பு எது என்று தேடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்பியலுக்கு அன்றாட வேலை. செலவு பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்றால் குறைந்தபட்சச் செலவுள்ள சார்பு ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்று பெரிய பெரிய தலைகளே நம்பின. டிரிஷ்லே கோட்பாடு என்று அதற்குப் பெயர்.

1870-இல் வயர்ஸ்ட்ராஸ் அந்த நம்பிக்கையை ஒரே உதாரணத்தில் உடைத்தார். –1-இலிருந்து 1 வரை ஒரு வளைகோடு வரைய வேண்டும். இடது முனையில் ஓர் உயரம், வலது முனையில் வேறோர் உயரம். ஒவ்வொரு புள்ளியிலும் சரிவின் வர்க்கத்தை, மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்குள்ள தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கித் தொகையிட்டால் அதுவே செலவு. மையத்தில் தூரம் பூஜ்யம். அங்கே ஏறுவது ஏறக்குறைய இலவசம். எனவே இரண்டு பக்கமும் சமதளமாகவே வந்து, மையத்தை ஒட்டிய சிறு துண்டில் மட்டும் விறுவிறுவென்று ஏறிவிடலாம். துண்டு சிறுக்கச் சிறுக்கச் செலவும் பூஜ்யத்தை நெருங்கும். ஆனால் செலவு சரியாகப் பூஜ்யம் ஆக வேண்டுமானால் சரிவு எங்குமே இருக்கக் கூடாது, அப்போது உயரம் மாறவே மாறாது. குறைந்தபட்சத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம், தொட முடியாது.

இடைவெளிக்கு இருந்த ஏதோ ஒரு குணம் சார்புக் கூட்டங்களுக்கு இல்லாமல் போகிறது. எந்தக் கூட்டங்களுக்கு அந்தக் குணம் மிஞ்சுகிறது என்று இத்தாலியர்கள் இருவர் பார்த்தார்கள். 1880-களில் அஸ்கோலியும் அவரை அடுத்து அர்செலாவும் கண்டது இது: கூட்டத்திலுள்ள சார்புகள் எல்லாம் ஒரே வரம்புக்குள் அடங்கி, எல்லாம் ஒரே அளவுகோலில் தொடர்ச்சியாகவும் இருந்தால், அதிலிருந்து எடுக்கும் எந்த முடிவிலாத் தொடர்முறைக்குள்ளும் ஒருங்கும் உள்தொடர்முறை ஒன்று கிடைக்கும். வயர்ஸ்ட்ராஸின் வளைகோடுகள் மையத்தில் செங்குத்தாகிக்கொண்டே போகின்றன. இந்த 'ஒரே அளவுகோல்' நிபந்தனையில்தான் அவை தோற்கின்றன.

ஃப்ரெஷேயின் தாகமும் இங்கிருந்து பிறந்ததே. அவருடைய ஆசிரியர் ஹடமார், சார்புகளையே உள்ளீடாக வாங்கிக்கொள்ளும் செயல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். வயர்ஸ்ட்ராஸின் தேற்றத்தை அத்தகைய செயல்களுக்கு விரிப்பது என்பதே 1904-ஆம் ஆண்டுக் குறிப்பின் நோக்கம். ஒரு கணத்துக்குள், ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கிக்கொண்டே போகும் வெறுமையல்லாத மூடிய கணங்களின் தொடர்முறைக்கு எப்போதும் ஒரு பொது உறுப்பாவது மிஞ்சினால் அந்தக் கணம் காம்பேக்ட் என்று அதில் எழுதினார். 1906-இல் பாலெர்மோ இதழில் வெளியான ஆய்வேட்டில் வரையறை மாறியது: முடிவிலாத உட்கணம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உறுப்பு இருக்க வேண்டும். உறுப்புகள் எண்களா, வளைகோடுகளா, சார்புகளா என்பது அவருக்குப் பொருட்டல்ல. வடிவியல் மாணவருக்கு உருண்டையையும் பெட்டியையும் காட்டி அறிமுகப்படுத்தப்படும் இந்தச் சொல், உண்மையில் சார்பு வெளிகளுக்காகவே பிறந்தது. பாடநூல்கள் இதைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை.

இதே காலத்தில் வேறொரு வழியில் வேறொரு கருத்து வளர்ந்துகொண்டிருந்தது. மூடிய இடைவெளி ஒன்றை, எண்ணத்தக்க அளவில் திறந்த இடைவெளிகளைக் கொண்டு மூடினால், அவற்றில் முடிவுறு எண்ணிக்கையே போதும் என்று 1895-இல் எமில் போரெல் நிறுவினார். எண்ணத்தக்க என்ற கட்டுப்பாட்டையும் பிறகு லெபேக் தூக்கிவிட்டார். ஒரு திடல் முழுக்க நனையாமலிருக்க முடிவிலாத குடைகளை விரித்திருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மடக்கிவிட்டாலும் எங்கும் ஒரு சொட்டு விழாது. எப்படி விரித்தாலும் இது நடக்கும் என்பதுதான் செய்தி. முனை இல்லாத இடைவெளியில் இது நடக்காது: 1/2-இலிருந்து 1 வரை, 1/3-இலிருந்து 1 வரை, 1/4-இலிருந்து 1 வரை என்று விரித்துக்கொண்டே போய், முடிவுறு எண்ணிக்கையில் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மடக்கினால் 0-வை ஒட்டி நனையும்.

தூரத்தை அளக்க முடிகிற வெளிகளில் குடைக் கணக்கும் ஃப்ரெஷேயின் எல்லை உறுப்பும் ஒன்றேதான். அளக்க முடியாத வெளிகளில் இரண்டும் பிரிந்துவிடும். எண்ணத்தக்க வரிசையெண்கள் எல்லாவற்றையும் அடுக்கிய நீண்ட வரிசை ஒன்று உண்டு. அதில் எங்கு முடிவிலாத உறுப்புகளை எடுத்தாலும் அவற்றுக்கு வரிசைக்குள்ளேயே ஓர் எல்லை கிடைக்கும். ஃப்ரெஷேயின் சோதனையில் அது தேறிவிடும். 'இந்த உறுப்புக்கு முந்தியவை எல்லாம்' என்று ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு குடை விரித்தாலோ, முடிவுறு எண்ணிக்கை ஒருபோதும் போதாது.

மாஸ்கோவின் இரண்டு பாவெல்கள், அலெக்சாண்ட்ரோவும் யூரிசோனும், 1920-களின் தொடக்கத்தில் இந்தப் பிளவை நேருக்கு நேர் சந்தித்தார்கள். காம்பேக்ட் என்ற பெயரை ஃப்ரெஷேயின் வழியிலேயே விட்டுவிட்டு, குடைக் கணக்கில் தேறியவற்றுக்கு 'பைகாம்பேக்ட்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். 1924 ஆகஸ்ட் 17 அன்று பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் இருவரும் நீந்தப் போனார்கள். யூரிசோன் உயிரோடு திரும்பவில்லை; வயது 26. இருவரும் சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரை 1929-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது.

இரண்டு வரையறைகளில் எது வென்றது? குடைதான். வெல்லவைத்தவர் ஆந்த்ரே திகோனோவ். காம்பேக்ட் வெளிகளை எத்தனை முறை பெருக்கினாலும், எண்ணில் அடங்காத தடவை பெருக்கினாலும், குடைக் கணக்கில் அது காம்பேக்டாகவே இருக்கும் என்று 1930-களில் அவர் காட்டினார். தொடர்முறையைக் கொண்டு வரையறுத்தால் இது பொய்த்துவிடும். 0, 1 என்ற இரண்டே இலக்கங்களால் ஆன முடிவிலா வரிசைகள் எல்லாவற்றையும் புள்ளிகளாகக் கொள்வோம். முதல் சார்பு ஒவ்வொரு வரிசையின் முதல் இலக்கத்தைச் சொல்லும், இரண்டாம் சார்பு இரண்டாம் இலக்கத்தை, நூறாம் சார்பு நூறாம் இலக்கத்தை. எல்லாமே தொடர்ச்சியான சார்புகள். இவற்றிலிருந்து எந்த உள்தொடர்முறையை வேண்டுமானாலும் பொறுக்கலாம்; பொறுக்கிய இடங்களில் 0, 1, 0, 1 என்று மாறி மாறி வரும் புள்ளி ஒன்றை உடனே எழுதிவிடலாம். அந்தப் புள்ளியில் சார்புகளின் மதிப்பு ஆடிக்கொண்டே இருக்கும், எங்கும் ஒருங்காது. ஆனாலும் எல்லாச் சார்புகளும் அடங்கிய பெருவெளியில் இவற்றுக்குக் குவிபுள்ளிகள் உண்டு, திகோனோவ் அதற்கு உத்தரவாதம். அந்தக் குவிபுள்ளிகள் தொடர்ச்சியற்ற சார்புகள் என்பதுதான் விசேஷம்.

1940-இல் பூர்பாக்கி என்ற பிரெஞ்சுக் கணிதக் குழுவினர் தங்கள் இடத்தியல் நூலில் 'பை' என்ற ஒட்டைக் கழற்றிவிட்டார்கள். குடைக் கணக்கில் தேறி, எந்த இரு புள்ளிகளையும் திறந்த கணங்களால் பிரிக்கவும் முடிந்தால் அது காம்பேக்ட். பிரிக்கும் நிபந்தனை இல்லையென்றால் க்வாசி-காம்பேக்ட். பெயர் ஃப்ரெஷேயுடையது, பொருள் மாஸ்கோவினுடையது என்றாயிற்று. பூர்பாக்கி வட்டத்தினரோடு நேரடிப் பழக்கம் உள்ள ஒருவர் அந்த நாட்களில் சென்னையில் இருந்தார்: லயோலா கல்லூரியில் கணிதம் நடத்திய சார்ல்ஸ் ராசின் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். பின்னாளில் புகழ்பெற்ற கணிதர்களான சி. எஸ். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும் அவரிடம் படித்தவர்கள். நவீன பிரெஞ்சுக் கணிதம் தமிழ்நாட்டு வகுப்பறைக்குள் வந்த முக்கிய வாசல்களில் அவர் ஒருவர்.

பொருள் நிலைத்ததும் ஒட்டுகள் பெருகின. 1944-இல் தியுதொனே பாராகாம்பேக்ட் என்றார். 1948-இல் எட்வின் ஹெவிட் தந்த சூடோகாம்பேக்ட் இந்தக் கதைக்கு நெருக்கமானது, ஏனெனில் அதன் வரையறையே சார்புகளால் ஆனது: ஒரு வெளியின் மீதுள்ள தொடர்ச்சியான மெய்ச் சார்பு ஒவ்வொன்றும் வரம்புக்குள் அடங்கினால் அது சூடோகாம்பேக்ட். மேலே சொன்ன வரிசையெண் வெளி இதில் தாராளமாகத் தேறும்.

இனி வெளியை விட்டு, அதன் மீதுள்ள தொடர்ச்சியான மெய்ச் சார்புகள் எல்லாவற்றையும் ஒரு புது வெளியாகப் பார்க்கலாம். சில புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, அந்தப் புள்ளிகளில் மட்டும் மதிப்பு நெருங்கினால் இரு சார்புகளும் நெருங்கியவை என்று கொள்வது வழக்கம். இதன் ஆய்வுக்கு சி-பி கோட்பாடு என்று பெயர். அலெக்சாண்ட்ரோவின் மாணவர் அலெக்சாண்டர் அர்காங்கெல்ஸ்கி இதன் முதன்மைச் சிற்பி. மூல வெளி வெறுமையாக இல்லாதவரை இந்தச் சார்பு வெளி ஒருபோதும் காம்பேக்ட் ஆகாது: 1, 2, 3 என்ற மாறிலிச் சார்புகளே ஓடிப்போய்விடும். எண்ணத்தக்க காம்பேக்ட் துண்டுகளாக அதை வெட்டவும் பொதுவாக முடியாது. முடிந்தால் மூல வெளியில் முடிவுறு எண்ணிக்கையில்தான் புள்ளிகள் இருக்கும் என்பது வெலிச்கோவின் தேற்றம்.

காம்பேக்டா இல்லையா என்ற கேள்வி இங்கே ஒரே வரியில் முடிந்துவிடுவதால், எவ்வளவு என்று அளக்கத் தொடங்கினார்கள். அளவைகள் ஆதி எண்கள். அவற்றின் பெயர்கள் அடர்த்தி, எடை, இறுக்கம் என்று பருப்பொருள் உலகத்துக்குரியவை. 0 முதல் 1 வரையுள்ள இடைவெளியின் சார்பு வெளியை எடுத்துக்கொண்டால், விகிதமுறு கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக்கோவைகள் எந்தச் சார்பையும் நெருங்கிவிடும். எனவே அடர்த்தி எண்ணத்தக்கது. எடை, அதாவது எல்லா நெருக்கங்களையும் விவரிக்கத் தேவையான சுற்றுப்புறங்களின் எண்ணிக்கை, அப்படியல்ல. ஒரு சுற்றுப்புறம் முடிவுறு புள்ளிகளையே கவனிக்கும். எண்ணத்தக்க சுற்றுப்புறங்கள் சேர்ந்தாலும் எண்ணத்தக்க புள்ளிகளையே கவனிக்கும். கவனிக்கப்படாத புள்ளியில் சார்பு என்ன ஆட்டம் போட்டாலும் அவற்றுக்குத் தெரியாது. எடை, இடைவெளியிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கே சமம்.

இறுக்கம் இதைவிடச் சுவையானது. ஒரு சார்பு ஒரு பெருங்கூட்டத்தின் விளிம்பில் இருக்கிறது. அக்கூட்டத்தின் எண்ணத்தக்க ஒரு பகுதியைக் கொண்டே அதை நெருங்க முடியுமா என்பதே கேள்வி. மூல வெளியும் அதன் முடிவுறு பெருக்கங்கள் அனைத்தும் லிண்டலோஃப் ஆக இருந்தால், அதாவது எந்தக் குடை விரிப்பிலும் எண்ணத்தக்க குடைகளே போதும் என்றால், அப்போது மட்டும் முடியும். அர்காங்கெல்ஸ்கியும் பிட்கேயெவும் நிறுவிய தேற்றம் இது. 'பெருக்கங்கள் அனைத்தும்' என்பது வெறும் அலங்காரம் அல்ல. சோர்கன்ஃப்ரே கோடு என்ற வெளி லிண்டலோஃப், அதன் வர்க்கமோ அல்ல. அதன் சார்பு வெளியில் எண்ணத்தக்க இறுக்கம் கிடைக்காது. மேலே மூடும் குணம், கீழே நெருங்கும் குணமாக உருமாறுவதைப் போல அழகான ஒன்று இடத்தியலில் அரிது.

பிரிந்த வரையறைகள் சமாதானமாகும் இடமும் இதே சார்பு வெளிதான். மூல வெளி காம்பேக்ட் என்றால், அதன் சார்பு வெளியின் உட்கணங்களுக்குள் ஃப்ரெஷேயின் எல்லை உறுப்பு, தொடர்முறை, மாஸ்கோவின் குடை ஆகிய மூன்று சோதனைகளும் ஒரே விடையைத் தரும். எபர்லைன் 1947-இலும் குரோதென்டீக் 1952-இலும் செய்த வேலை இதற்கு அடித்தளம். இலக்கச் சார்புகளின் கதை இதற்கு முரண் அல்ல. அவற்றின் குவிபுள்ளிகள் தொடர்ச்சியான சார்புகளின் வெளிக்குள் இல்லாததால் அவை மூன்று சோதனைகளிலுமே தோற்கின்றன.

பழைய நூல் எதையாவது கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1940-க்கு முந்திய கட்டுரையில் காம்பேக்ட் என்று கண்டால் அது பெரும்பாலும் ஃப்ரெஷேயின் காம்பேக்ட், இன்றையதல்ல. ரஷ்ய மரபு நூல்களில் அதற்குப் பின்னும் நெடுங்காலம் பைகாம்பேக்ட் என்றே வரும். இயற்கணித வடிவியலில் க்வாசி-காம்பேக்ட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தேற்றத்தைப் படிக்கும் முன் வரையறைப் பக்கத்தை ஒரு முறை புரட்டிவிடுங்கள்.